எண்ணெய்த் தலைக்கு அனுமதி இல்லை

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது நீச்சல் கோச் என் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜில்லா மீட்டுக்கு அனுப்பணும்னா இந்தச் சடை ஆகாதுங்க." அன்று சாயங்காலமே அப்பா தான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனுக்கு என்னைக் கூட்டிப்போனார். நாற்காலியின் கைப்பிடிகள் மேல் பலகை போட்டு உட்காரவைத்து, பையன்களுக்கு வெட்டுவது போலவே ஒட்ட வெட்டிவிட்டார்கள். வெட்டிய சடையை அப்பா செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். அம்மாயி அதை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அழுதாள். பிறகு தன் சவுரியோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். எனக்கோ தலை லேசாகிவிட்ட சந்தோஷம்.

அடுத்த ஆறேழு வருஷம் குளத்திலேயே கிடந்தேன். முடியைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்க வேண்டிவந்தது, சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தபிறகுதான். கோவையில் எட்டு வருஷம், சென்னையில் பதினாறு வருஷம். இரண்டு ஊரிலும் பெண்கள் பேட்ச்தான் என் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைச் சடை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அவள் கால் உதைப்பதைப் பார்த்ததும் இவளைப் போட்டிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. என் கோச் சொன்னதையே நானும் அவள் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "முடி எங்களுது இல்லீங்க மேடம், முருகனுது. பழனிக்கு நேர்ந்து வளர்த்துறோம்" என்றார். மறுநாளிலிருந்து அவர்கள் வரவில்லை. அதோடு, முடியை வெட்டு என்று யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

பெண் பிள்ளைகள் நீச்சலை நிறுத்துவதற்கு வயசுக்கு வருவதும் படிப்பும்தான் காரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் என் வருகைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதி வைத்திருக்கும் காரணங்களைப் புரட்டினால், 'முடி' என்ற ஒற்றைச் சொல் அடிக்கடி வரும். "ஃபீஸ் பரவால்ல மிஸ், தலைதான் தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு." "கல்யாணத்துக்குப் பாக்குறாங்க, இந்த நேரத்துல முடி செம்பட்டையா இருந்தா எப்படி?" சிரிக்கிற விஷயமில்லை இது. நான்கு மாதம் தண்ணீருக்குப் பயந்து, ஐந்தாம் மாதம் ஆழப் பக்கத்தில் மிதக்கத் தொடங்கிய பெண் சீப்பைக் காரணம் காட்டி நின்றுபோகும்போது எனக்கு வயிறெரியும். எனவே முடியைக் காப்பதும் என் பாடத்தில் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கே பல வருஷமாயிற்று. நடுவில் ஒரு பெரிய தப்பும் செய்தேன்.

முதலில் எதிரி யார் என்று தெரியவேண்டும். எங்கள் கோவைக் குளம் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம். மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 1 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராம் வரை குளோரின் இருந்தால் கிருமி சாகும், ஆளுக்கும் கெடுதல் இல்லை என்பது குளக் கணக்கு. 2 மில்லிகிராம் நிற்க வேண்டுமென்றால் 65 சதவீதப் பவுடரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கரைத்து ஊற்றவேண்டும். இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு கிலோ! கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் காஸ்ட்யூமைப் பாருங்கள். லைக்ரா கலந்த புதுத் துணியில் வாரம் ஐந்து நாள் நீந்தினால், சில மாதத்தில் இழுவை போய்த் தொளதொளத்து, பின்பக்கம் வலைபோல் தேய்ந்து நிற்கும். துணியைத் தின்கிற அதே தண்ணீரில்தான் தலையும் ஊறுகிறது.

இதில் ஒரு சூட்சுமம், பேட்ச் நேரம். வெயில் குளோரினைத் தின்றுவிடும். வெயில் தாங்குவதற்கான மருந்து கலக்காத திறந்தவெளிக் குளத்தில், உச்சி வெயில் பட்டால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் ஆபரேட்டர்கள் ராத்திரியில்தான் பவுடர் போடுவார்கள். காலை ஐந்தரை மணி பேட்சில் இறங்குபவர்களுக்குத்தான் முழுக் காரமும். சாயங்காலம் வருபவர்களுக்குக் குளோரின் குறைவு, அழுக்கு அதிகம். 'இன்னிக்கு ஒரே குளோரின் நாத்தம்' என்று மூக்கைப் பிடிப்பார்களே, அந்த நாற்றம் குளோரின் மிகுந்ததால் வருவதல்ல. வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நாற்றம் அது. ஒழுங்காக இருக்கும் குளம் மூக்கைத் துளைக்காது. நான் எப்போதும் பையில் டெஸ்ட் கிட் வைத்திருப்பேன். குப்பியில் குளத்துத் தண்ணீர் எடுத்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் ஏறும். எலுமிச்சைத் தோல் நிறம் என்றால் இறங்கலாம். மஞ்சள் முற்றி ஆரஞ்சுக்குப் போனால் அன்றைக்கு என் பேட்ச் கரையில் உடற்பயிற்சிதான் செய்யும்.

முடியில் அது என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர் டாக்டர் இல்லை, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த ஒரு மாணவியின் அப்பா. மகளைக் கூட்டிப்போக வந்து கேலரியில் உட்கார்ந்திருப்பார். முடியும் கம்பளியும் ஒரே சரக்கு என்றார். முடியின் மேல்தோல் வழவழப்பான உறை இல்லை. ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். கம்பளி ஆடை துவைத்தால் சுருங்குவதே அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால்தான். சுருங்காத கம்பளி வேண்டும் என்றால் ஆலையில் என்ன செய்வார்களாம்? குளோரின் கொடுத்துச் செதிலின் முனையைத் தின்னவிடுவார்களாம். "கம்பளி மில்லுல காசு குடுத்துச் செய்யுற வேலைய, இங்க உங்க குளத்துல புள்ளைங்க தலைக்கு ஓசியில செய்யுறீங்க" என்று சிரித்தார். பிற்பாடு தேடிப் படித்தேன். ஆல்வோர்டன் என்ற ஜெர்மன்காரர் 1916-லேயே கம்பளி இழையைக் குளோரின் நீரில் போட்டு உருப்பெருக்கியில் பார்த்து, செதிலுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவதை எழுதி வைத்திருக்கிறார். அவர் பயன்படுத்தியது குளத்து நீரைவிடப் பல மடங்கு காட்டமானது. ஆனாலும் நடப்பது அதே வகைச் சேதம்தான். ஓடு பெயர்ந்த கூரைக்குள் மழை இறங்குவதுபோல் உள்ளே போகும் குளோரின், முடிக்குக் கறுப்பைத் தரும் நிறமியையும் வெளுக்கிறது. வெயிலும் கூடச் சேர்ந்தால் செம்பட்டை.

இப்போது என் தப்பு. கோவைக் குளத்தின் வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது: 'எண்ணெய்த் தலைக்கு அனுமதி இல்லை.' எல்லா ஊர்க் குளத்திலும் ஏதோ ஒரு வாசகத்தில் இது இருக்கும். எனக்கு அந்தப் பலகைமேல் கோபம். எண்ணெய் தேய்த்தால் தண்ணீர் முடிக்குள் இறங்காது, இந்தச் சின்ன விஷயம் கூடவா இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். யாரையும் கேட்காமல் என் பேட்ச் பெண்கள் இருபது பேரையும் தேங்காயெண்ணெயை நன்றாக வழிய வழியத் தேய்த்து, மேலே கேப் போட்டு வரச் சொன்னேன். வாட்ச்மேன் கேட்டால் கேப்பைக் கழற்றக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் ஓடியது. பெண்களுக்கு ஒரே குஷி.

நான்காம் வாரம் பம்ப் ரூம் ஆபரேட்டர் வந்து நின்றார். அறுபதை ஒட்டிய வயசு, அதட்டிப் பேசத் தெரியாதவர். "அம்மணி, ஒரு எட்டு கீழ வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றார். போனேன். பம்புக்கு முன்னால் ஒரு பானை இருக்கும், அதற்குள் ஓட்டை போட்ட கூடை. ஹேர் கேட்சர் என்பார்கள். மூடியைத் திருகித் திறந்து கூடையைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். குருவிக்கூடு போல ஒரு முடிப் பந்து. அதில் மல்லிகைச் சரத்தின் நார், ரப்பர் பேண்டு, இரண்டு ஹேர்பின், நட்சத்திரம் நட்சத்திரமாக ஸ்டிக்கர் பொட்டுகள். எல்லாவற்றையும் வெள்ளையும் சாம்பலுமாகப் பிசுக்கு மூடியிருந்தது. நான் குனிந்து தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, வழுக்கியது. பிறகு மணல் ஃபில்டரைக் காட்டினார். உதிரியாக இருக்கவேண்டிய மணல், களி உருண்டை போலக் கட்டி கட்டியாக இருந்தது. "இத்தன எண்ணெயும் கேப்புக்குள்ளயே நிக்கும்னு நெனச்சீங்களா? எண்ணெயத் திங்கறதுக்கே பாதிக் குளோரின் போயிருதுங்க. நான் ராத்திரி ஒண்ணரைப் பங்கு போட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. நான் எண்ணெய் ஊற்றினேன்; அதனால் அவர் பவுடரைக் கூட்டினார்; கூட்டிய பவுடர் எண்ணெய் வைக்காத மற்ற பேட்ச் பிள்ளைகளின் தலையில் இறங்கியது. மணலை வாரிக்கொட்டி மாற்ற ஆன செலவில் என் சம்பளத்திலும் கொஞ்சம் பிடித்தார்கள். நியாயம்தான்.

ஆனால் எண்ணெய் முடியைக் காக்கும் என்பது பொய்யில்லை. எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில்தான் கோளாறு. தேங்காயெண்ணெயின் முக்கியக் கொழுப்பான லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. அது முடியின் உள்ளே வரைக்கும் போகும். சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் மேலேயே நின்றுவிடும். மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இருவர் 2003-ல் இம்மூன்றையும் ஒப்பிட்டு, கழுவும்போது முடியின் புரதம் போவதைக் குறைப்பது தேங்காயெண்ணெய் மட்டுமே என்று எழுதினார்கள். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ கம்பெனியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது குளோரினை வைத்துச் செய்த ஆய்வும் இல்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த எண்ணெய், முடி தண்ணீர் குடித்து ஊதுவதைக் குறைக்கும் என்பது என் பேட்சில் சீப்பு சொன்ன பதிலோடு ஒத்துப்போகிறது.

ஆக நானும் ஆபரேட்டரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். எண்ணெய் முந்தின ராத்திரியே வைக்க வேண்டும். ஒரு டீஸ்பூன், இடுப்பளவு முடிக்கு ஒன்றரை. உச்சியில் வைத்துத் தேய்க்கக் கூடாது. நம் வீட்டுப் பழக்கம் உச்சந்தலையில் ஒரு கை ஊற்றி மீதியை முடியில் தடவுவது. இங்கே அது தலைகீழ். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும். 75 சென்டிமீட்டர் சடையின் நுனி என்பது ஆறு வருஷத்துப் பழைய முடி. ஆறு வருஷத்து வெயிலும், சீப்பும், குளமும் பார்த்தது. வேரில் இருப்பதோ போன மாதம் முளைத்தது. எண்ணெய் யாருக்கு வேண்டும்? நுனிக்கு. காதுக்குக் கீழிருந்து தடவி, பின்னிப் போட்டுத் தூங்கினால் விடிவதற்குள் போகவேண்டியது உள்ளே போய்விடும். மேலே மிஞ்சியதைக் காலையில் பழைய வேட்டித் துணியால் இழுத்துத் துடைத்துவிட வேண்டும். உள்ளங்கையால் சடையைப் பிடித்தால் பிசுக்கு ஒட்டக் கூடாது. அதுதான் வாசலில் என் சோதனை. பலகை அப்படியே தொங்கியது. நாங்கள் அதை மீறவும் இல்லை.

அடுத்தது தண்ணீர். என் அனுபவத்தில் எண்ணெயை விட, கேப்பை விட இதுதான் பெரிது. காய்ந்த முடி தன் எடையில் 30 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். வறண்ட தலையோடு குளத்தில் குதித்தால் அது குடிக்கும் முதல் வாய் குளோரின் தண்ணீர். ஷவரில் இரண்டு நிமிஷம் நின்று வேர் முதல் நுனி வரை நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டு இறங்கினால், அதன் தாகம் முன்பே அடங்கியிருக்கும். குளோரின் அறவே நுழையாது என்று சொல்லமாட்டேன். முக்கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல உள்ளே வரும். வேகம் குறையும், அவ்வளவுதான். அந்தக் குளியலில் வேர்வையும் போய்விடுவதால் குளத்தில் குளோரமைனும் குறையும். 'குளத்துல இறங்கப் போறோம், அதுக்கு முன்னாடி குளியல் எதுக்கு' என்று கேட்காத புது மாணவி கிடையாது.

நனைந்த முடியை இரண்டு சடையாகத் தளரப் பின்னி, உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக மடித்து வைத்துத் துணி ரப்பரால் கட்டவேண்டும். பிடரியில் கொண்டை போட்டால், மல்லாந்து நீந்தும்போது கொண்டை கேப்பை நெட்டித் தள்ளும். ஹேர்பின் கூடாது, கேப் கிழியும். பூவும் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. கேப்பைத் தனியாக மாட்ட முயன்று கண்ணீர் விடாத பெண்ணும் கிடையாது. குனிந்து நெற்றியில் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்னால் ஒருத்தி நின்று இரு கையாலும் விரித்துப் பிடரி வரை இழுத்துவிட வேண்டும். இதற்காகவே என் பேட்சில் ஜோடி சேர்த்து விடுவேன். மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் கேப் மாட்டிவிட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கேப் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். எந்தக் கேப்புக்குள்ளும் தண்ணீர் போகும். அது செய்வது இரண்டு வேலை. முடி தண்ணீரில் அலைந்து ஒன்றோடொன்று உரசுவதைத் தடுக்கும். உள்ளே நீங்கள் நிரப்பி வைத்த நல்ல தண்ணீரைச் சட்டென்று மாறவிடாது. துணிக் கேப் வடிகட்டி மாதிரி. ரப்பர் கேப் எண்ணெய் பட்டால் நைந்துவிடும், முடியையும் பிடுங்கும். சிலிகான்தான் சரி, அதிலும் நீள முடிக்கென்று பின்பக்கம் பை வைத்து வருவது. அடர்ந்த முடிக்காரர்களுக்கென்று பிரிட்டனில் செய்த 'சோல் கேப்'பைப் போட்டிகளில் போட, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021-ல் உலக நீச்சல் சம்மேளனம் அனுமதி மறுத்தது. தலையின் இயற்கையான வடிவத்தோடு ஒட்டவில்லையாம். எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷம் செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள். கறுப்பினப் பெண்களுக்காக எழுந்த சண்டை அது. ஆனால் செய்தியைப் படித்தபோது எனக்குத் தகரப் பெட்டியில் இருந்த என் சடை ஞாபகம் வந்தது.

முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முங்குவதை மட்டும் நான் ஒருபோதும் விடமாட்டேன். இது அழகு பற்றிய பேச்சில்லை. குளத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் துளையின் மூடி உடைந்திருந்தால் நீள முடியை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டுவிடும். தலையை எடுக்க முடியாது.

கரையேறியதும் ஒரு நிமிஷம் கூடக் கதை பேசக் கூடாது. முடி காயக் காயத் தண்ணீர்தான் போகும், உப்பும் மருந்தும் அங்கேயே தங்கும். ஈரத்தோடு சுருட்டிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க் குளிப்பவர்களின் நுனிகள்தான் முதலில் வெடிக்கின்றன.

இங்கேதான் அந்தத் திருப்பூர்க்காரர் இரண்டாவது முறை உதவினார். "பிளீச்சிங் குடுத்துட்டு அப்படியே விட்டா பனியன் துணி மஞ்சளாப் போயிரும், நைஞ்சிரும். அடுத்த தொட்டியில ஆன்டிகுளோர் குடுத்து மிச்சக் குளோரின முறிக்கணும். நீங்க வெறும் தண்ணியில அலசிட்டு விட்டுருறீங்க." பட்டறையில் அதற்குப் போடும் உப்புகளைத் தலையில் போட எனக்குத் தைரியமில்லை. ஆனால் குளோரினை முறிக்கும் இன்னொரு சரக்கு மெடிக்கல் ஷாப்பிலேயே இருக்கிறது: வைட்டமின் சி. 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க இரண்டரை மில்லிகிராம் போதும். ஈரச் சடையில் தங்கும் தண்ணீருக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே தாராளம். பொடித்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, அலசிய தலையில் ஊற்றி இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி அலசவேண்டும். முதல் நாள் நான் வாங்கி வந்தது சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை. சர்க்கரை! வீட்டுக்குப் போவதற்குள் தலை பிசுபிசுவென்று ஒட்டி, எறும்பு வராததுதான் பாக்கி. சர்க்கரை சேராத, விழுங்குகிற மாத்திரையாகக் கேளுங்கள். கரைத்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும்.

துவட்டுவதில் நம் வழக்கம் ஒன்று உண்டு. தலையைச் சாய்த்து முடியை முன்னால் தொங்கவிட்டுத் துண்டால் படபடவென்று அடிப்பது. ஈர முடி காய்ந்த முடியைவிட இளகியது, அடி தாங்காது. ஈரிழைத் துண்டில் வைத்துப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுங்கள், அகலப் பல் சீப்பால். ஷாம்பு தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். சீயக்காய்க்காரர்களிடம் ஒன்றே ஒன்று: தூளை அப்படியே போட்டுத் தேய்க்காமல், கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் எடுங்கள். செதில் தூக்கிய முடியில் தூள் உப்புத்தாள் மாதிரி.

"வேரோட கொட்டுது மிஸ்" என்று கையில் முடியோடு வருபவர்களை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போவேன். வெள்ளைத் துண்டின் மேல் ஒவ்வொரு முடியாக வைப்போம். ஒரு முனையில் கடுகின் பாதி கூட இல்லாத வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. யாருக்கும் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிரும், குளத்துக்கு அதில் பங்கில்லை. முடிச்சு இல்லாமல் இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தால் அது உடைந்தது. அது என் பொறுப்பு. குளோரின் தண்டைத்தான் கெடுக்கும், வேரைத் தொடாது. முடிச்சோடு கை கையாக வந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். ரத்தசோகையும் தைராய்டும் குளத்தின் பெயரில் ஒளிந்திருந்ததை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

பச்சை முடிக் கதையையும் சொல்லவேண்டும். சென்னையில் என் பேட்சில் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர், பஞ்சு வெள்ளைத் தலை. ஒரு திங்கட்கிழமை கேப்பைக் கழற்றினால் வெள்ளையில் பச்சை ஓடியிருக்கிறது. "இந்த வயசுல கிளியாகணும்னு தலையெழுத்து" என்று அவரே முதலில் சிரித்தார். பேத்தி இரண்டு நாளைக்குப் பெயரே 'கிளிப் பாட்டி' என்று மாற்றிவிட்டாளாம். எல்லோரும் குளோரினைத் திட்டினார்கள். விசாரித்ததில், பாசிக்காகப் புது ஆபரேட்டர் மயில்துத்தத்தை அள்ளிப் போட்டிருந்தார். பச்சை தருவது செம்பு. கறுப்பு முடியிலும் அது ஏறத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது. வைட்டமின் சி கரைசலைக் கெட்டியாக்கி அரைமணி ஊறவைத்து, மூன்று நாள் தொடர்ந்து அலசியதில் பச்சை மங்கியது. பாட்டி நிற்கவில்லை, இன்றும் வருகிறார்.

கோவையை விட்டு வந்ததில் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது சிறுவாணித் தண்ணீர். அந்த மென்மையான தண்ணீரில் அலசினால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் பல குளங்களின் ஷவரில் வருவது போர் தண்ணீர். உப்பு, நுரையே வராது. அதையும் சமாளித்தோம், வீட்டிலிருந்து கடைசி அலசலுக்கு இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து. 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது நான் வேலை பார்த்த குளத்தில் பெண்கள் பக்கத்து ஷவரை மூடினார்கள். குளம் மட்டும் ஓடியது, கட்டணம் குறையவில்லை. மூன்றே மாதத்தில் என் பேட்ச் பாதியாகிவிட்டது. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் அதே ஒற்றைச் சொல். மழை வந்து, ஏரி நிரம்பி, வருஷம் திரும்பிய பிறகும் பெண்கள் பக்கத்து இரண்டு குழாய்களின் பூட்டு அப்படியே இருந்தது. ஆண்கள் பக்கம் முதல் மழையிலேயே திறந்தாயிற்று. நான் எழுதிக்கொடுத்த மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்தக் குளத்து வேலையைத்தான் விட்டேன்.

இப்போது யார் சேர்க்கை கேட்டு வந்தாலும் குளத்தைக் காட்டுவதற்கு முன் குளியலறையைக் காட்டுகிறேன். நீங்களும் உங்கள் பெண்ணை எங்கே சேர்ப்பதானாலும், பணம் கட்டுவதற்கு முன் பெண்கள் பக்கத்துக் குழாயை ஒருமுறை திறந்து பாருங்கள்.